குதிரை பார்க்கப் போன பறுவம்

நாரந்தனையில் ஒரு பெண் வாசல் படலையைத் தாண்டி வெளிக்கிடுவதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். கோயில் ஒரு காரணம். கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி, காணி எழுதுவது, இவையும் காரணம்தான். சும்மா போய் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வருவது மட்டும் காரணத்தில் சேராது. அது கொழும்பிலிருந்து காரில் வருகிற ஆட்களின் வேலை. அவர்கள் கழுத்தில் கமராவைக் கொழுவிக்கொண்டு, கடலையும் பனையையும் முன்பின் காணாதவர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

இப்படிப்பட்ட ஊரிலேதான் வைத்திலிங்கத்தின் பெண்சாதி சீதேவி, அறுபத்தொன்பதாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு, தனக்கு நெடுந்தீவுக்குப் போய்க் குதிரை பார்க்கவேணும் என்று சொன்னாள்.

வைத்திலிங்கம் ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். ஏழு மணிக்குப் பிட்டு, ஏழரைக்குச் சைக்கிள், ஐந்தேகாலுக்குத் திரும்பவும் சைக்கிள். கைமணிக்கூட்டைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுகிற மனுசன். அவர் காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்க, “என்னது, குதிரையோ?” என்று இரண்டுதரம் கேட்டார். ஓம், குதிரைதான் என்றாள் சீதேவி.

அவளுக்கு அதற்கு முந்தின ஐப்பசியில் நெருப்புக் காய்ச்சல் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நாற்பத்தைந்து நாள். அதில் பத்துப் பன்னிரண்டு நாள் அவள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டாக்குத்தருக்கே தெரியாது. பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவுக்காரி ஒருத்தி கிடந்தாள். வாய் ஓயாத மனுசி. தீவின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய வெட்டை இருக்காம், அது அரசாங்கக் காணியாம், வேலி கிடையாதாம், மாரி மழைக்குக் குளம் குளமாய்த் தண்ணீர் நிற்குமாம், ஒருவருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் அங்கே தங்கள் பாட்டுக்குத் திரியுமாம். சீதேவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். காய்ச்சல் ஏறின பொழுதுகளில் அந்தக் குதிரைகள் அவளுடைய கட்டிலைச் சுற்றித் திரிந்தன. அவை போய்விடக் கூடாதே என்று அவளுக்கு ஒரு தவிப்பு இருந்தது. பிழைத்ததற்கு மருந்து பாதி, அந்தத் தவிப்புப் பாதி என்று அவள் பிறகு சொல்லுவாள்.

வீட்டுக்கு வந்தபோது தலைமயிர் கொட்டிப்போய், கால் இரண்டும் துவண்டு, கிணற்றடிக்குப் போக இரண்டு இடத்தில் இருந்து எழும்பவேண்டியிருந்தது. நடக்கவேணும், வெளிக்காற்றுப் படவேணும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். வைத்திலிங்கம் அதை நினைத்துப் பார்த்தார். செத்துப் பிழைத்தவள் கேட்டது ஒரு சங்கிலியா, காப்பா? குதிரை. அவர் கலண்டரை எடுத்து மாசிப் பறுவத்துப் போயாவை, அந்தப் பௌர்ணமி நாளை, விரலால் தொட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கிடையாது, போயாவுக்குத்தான் லீவு.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கெடுத்தது சீதேவியின் வாய்.

போயாவுக்கு முதல் நாள் காலை அவள் படலையடியில் நின்றாள். தெருவால் போன மனோகரி ரீச்சர் சைக்கிளை நிறுத்தி, நாளைக்கு எங்கேயோ வெளிக்கிடுகிறீர்களாம் என்று கேட்டா. நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாலு மாதம் பாயில் கிடந்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, புருசனையும் கூட்டிக்கொண்டு குதிரை பார்க்கப் போகிறேன் என்று ஒரு குடும்பப் பெண் எப்படிச் சொல்வது? “நயினாதீவு அம்மாளிட்டை” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போகிறேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாததில்லை. அம்மாளிடம் போகிறவர் தனக்காக மட்டும் போவதில்லை. போக வசதியில்லாதவர்கள் எல்லாரும் தங்கள் நேர்த்திக்கடனைக் கொண்டுவந்து அவர் கையில் தருவார்கள். வேண்டாம் என்று சொல்ல ஏலாது, அது அம்மாளையே வேண்டாம் என்ற மாதிரி. பின்னேரம் மூன்று மணிக்குள் ஏழு பொட்டலம் வந்துவிட்டது. கற்பூரம், மஞ்சள் துணியில் முடிந்த காசு, ஒரு சின்ன வெள்ளி நாகம், வாழையிலைச் சருகால் வாய் அடைத்த ஒரு போத்தல் நல்லெண்ணெய். சீதேவி ஒவ்வொன்றையும் வாங்கும்போது முகம் வெளிறிப்போனாள். வந்தவர்கள் அதைக் காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்து இரக்கப்பட்டார்கள்.

கந்தோரால் வந்த வைத்திலிங்கம் பொட்டலங்களைப் பார்த்தார். “உதுகளை என்ன, குதிரையின்ரை காலடியிலையோ வைக்கிறது?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, கிளாக்கர் அல்லவா, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கினார். காலமை நெடுந்தீவு வள்ளம். அங்கிருந்து திரும்பும் வள்ளம் இரண்டரைக்கு. அதில் வந்தால் குறிகட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்தைப் பிடிக்கலாம், பின்னேரப் பூசைக்கு நிற்கலாம். ஒரே நாளில் குதிரையும் பார்த்தாயிற்று, பொய்யும் மெய்யாயிற்று. பொரித்த பாரை மீன் கட்டிக்கொண்டு போக இருந்தவர், கோயில் காரியம் வந்துவிட்டதால் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் போதும் என்று பெருமூச்சு விட்டார்.

எட்டாவது பொட்டலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தது. அதைக் கொண்டுவந்தவள் அடுத்த வளவுச் சிவக்கொழுந்து.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். சிவக்கொழுந்துக்கும் சீதேவிக்கும் பதினாறு மாதமாகக் கதை பேச்சு இல்லை. சிவக்கொழுந்தின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து சீதேவியின் மிளகாய்க் கன்றுகளைத் தின்றதில் தொடங்கின சண்டை. பசு தின்றது ஆறோ ஏழோ பாத்தி. அதற்குச் சீதேவி திருப்பிக் கொடுத்தது ஒரு சொல். “பெத்து வளத்தவளுக்கெல்லோ வளர்ப்பின்ரை அருமை தெரியும்” என்று சொல்லிப்போட்டாள். சிவக்கொழுந்துக்குப் பிள்ளையில்லை. மூன்று பிறந்து மூன்றும் தங்கவில்லை. அவள் பசுவைப் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் வேலியில் இருந்த பொட்டு, இரண்டு வீட்டுக்கும் கறிச்சட்டி போய்வந்த வழி, அந்தப் பக்கத்தால் அடைபட்டிருந்தது.

சொல்லிய வாய் சீதேவியுடையது, அதனால் குற்றமும் அவளுடையதுதான். அது அவளுக்கே தெரியும். ஆனாலும் காய்ச்சலில் கிடந்தபோது ஊர் முழுக்கத் தோடம்பழத்தோடு வந்து பார்த்தது, சிவக்கொழுந்து மட்டும் வரவில்லை. நான் சொன்னது பிழைதான், எண்டாலும் நான் சாகக் கிடந்தனானெல்லோ என்று சீதேவி மனதுக்குள் ஒரு முறைப்பாடு வைத்திருந்தாள்.

இப்போது சிவக்கொழுந்து படலைக்கு வெளியே நின்று, மஞ்சள் துணியில் இறுக்கிக் கட்டிய சின்னப் பொட்டலத்தை நீட்டினாள்.

“இது என்ரை நேர்த்தி. நாளைக்குப் பறுவத்துக்குள்ளை அம்மாளின்ரை காலடியிலை சேரவேணும். பிந்தப்படாது, சீதேவி.”

“ஓம் அக்கா” என்றாள் சீதேவி. பதினாறு மாதத்துக்குப் பிறகு இருவரும் கதைத்தது அவ்வளவுதான். உள்ளே என்ன என்று கேட்க அவளுக்குத் தேவையிருக்கவில்லை. சிவக்கொழுந்தின் புருசன் மார்க்கண்டர் கண் ஒப்பரேசன் செய்து, கட்டுப் போட்டபடி வீட்டில் இருந்தார். அவரைத் தனியே விட்டுவிட்டுச் சிவக்கொழுந்து எங்கேயும் போக ஏலாது. வெள்ளியில் கண்மலர்தான் இருக்கும். புருசனின் கண்ணுக்காகத் தன் ரோசத்தை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் பாவம் என்று சீதேவி நினைத்தாள். இதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அந்தப் பொட்டு திறபடும் என்றும் நினைத்தாள். தவறவிட்டாலோ, இந்தப் பிறப்பில் திறபடாது.

விடிய முதல் பஸ் எடுத்து, வேலணையைத் தாண்டி, புங்குடுதீவுப் பாலத்தால் போய்க் குறிகட்டுவானில் இறங்கினார்கள். போயா என்றபடியால் நயினாதீவுக்குப் போகிற சனம் துறை நிறைய நின்றது. அவர்களுக்கு நடுவே நெடுந்தீவு வள்ளத்தில் ஏறும்போது சீதேவிக்குக் களவு செய்வது போலவே இருந்தது. பொட்டலங்கள் இருந்த பனையோலைப் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். வள்ளம் நயினாதீவைக் கடந்தபோது கோயில் பக்கம் பார்த்து, பின்னேரம் வாறன் தாயே என்று சொல்லிக்கொண்டாள்.

நெடுந்தீவில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மாட்டு வண்டில். இரு பக்கமும் முருகைக்கல் அடுக்கிய கல்வேலி. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லுக்கு மேல் கல் தன் பாரத்திலேயே நின்றது. அப்படியே அரை மணித்தியாலம் போனபிறகு, கல்வேலி சட்டென்று முடிந்தது. வண்டில்காரர் இறங்கி, இனி நடக்கவேணும், தண்ணி நிற்கிற பெரிய குளம் இங்கேயிருந்து ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல், தான் ஒன்றரை மணிக்கு இதே இடத்தில் நிற்பதாகச் சொன்னார். துறைக்குப் போக அரை மணித்தியாலம் வேணும், வள்ளம் ஒருத்தருக்காகவும் நிற்காது என்று இரண்டுதரம் சொன்னார்.

சீதேவி அந்த எல்லையில் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் வேலிக்குள் வளர்ந்தவள். வீட்டைச் சுற்றி வேலி, கிணற்றைச் சுற்றி வேலி, தோட்டத்தைச் சுற்றி வேலி. அரை முழம் தள்ளிப்போன வேலிக் கதிகாலுக்காக அண்ணனும் தம்பியும் கோடேறி வழக்குப் பேசின ஊர் எங்களுடையது. இங்கே கண் எட்டுகிற மட்டும் ஒரு கதிகால் இல்லை. புல்லு, ஈச்சம்பத்தை, இடைக்கிடை ஒற்றைப் பனை, அதற்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று தண்ணீர், அதற்கும் பின்னால் வானம். “உது ஆரின்ரை காணி?” என்று அவள் கேட்டாள், தெரிந்துகொண்டுதான் கேட்டாள். “அரசாங்கத்தின்ரை” என்றார் வைத்திலிங்கம். பிறகு கொஞ்சம் யோசித்து, “அப்பிடியெண்டால் உம்முடையதும்தான்” என்றார். கந்தோரில் இருபது வருசம் இருந்த மனுசன் அரசாங்கத்தைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அவள் நடந்தாள். முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு பிடிக்காமல். கால் மடங்கினபோது ஒரு கல்லில் இருந்தாள், எழும்பினாள், திரும்பவும் நடந்தாள். ஆட்காட்டிக் குருவி ஒன்று அவர்களுக்கு முன்னால் பறந்து பறந்து சத்தம் போட்டது. அருகில் போனபோது அது ஒரு குளம் இல்லை, ஒன்றன்பின் ஒன்றாய் நாலைந்து. ஒன்றில் அல்லி பூத்திருந்தது. ஒன்றில் எருமைகள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன. நாரைகள் எருமைக்குப் பக்கத்திலேயே நின்று மீன் பிடித்தன. சீதேவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். மூன்று மாதத்துக்கு முன்பு இந்தக் காலைத் தூக்கி வைக்க இரண்டு தாதிமார் வேண்டியிருந்தது. அவளுக்குத் தன் காலைக் கும்பிடவேணும் போல இருந்தது.

ஒரு ஆலமரத்துக்குக் கீழே இடியப்பத்தை அவிழ்த்தார்கள். மீன் இல்லாத சோகத்தை வைத்திலிங்கம் பதினைந்து இடியப்பத்தால் ஆற்றினார். குதிரை ஒன்றையும் காணவில்லை. வெயிலேற நீர் குடிக்க வரும் என்று வண்டில்காரர் சொல்லியிருந்தார். காற்று மெல்ல வீசியது. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது, பார்த்தால் வைத்திலிங்கம். மணிக்கூட்டுக் கையைத் தலைக்குக் கீழே கொடுத்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்துப் பதினாலு வருசத்தில் அவர் பகலில் நித்திரை கொண்டதை அவள் கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் நாற்பத்தைந்து நாளும் வாங்கில் இருந்து முழித்த கண் அது. அவள் அவர் முகத்தில் இருந்த ஈயை விரட்டினாள்.

அப்போதுதான் குதிரைகள் வந்தன.

முதலில் ஒன்று, மண்ணிறம், பத்தைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. பிறகு ஏழெட்டு. பெரிய குதிரைகள் இல்லை. கட்டையாய், பிடரிமயிர் சடைபிடித்து, முதுகில் சேறு காய்ந்து, ஒருவரும் தேய்த்துவிடாத உடம்பு. ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவை சீதேவியைப் பார்த்தன. இவளால் ஒரு கரைச்சலும் இல்லை என்று கண்டு, எருமைகளுக்குப் பக்கத்தில் இறங்கி வாயை வைத்துக் குடித்தன. குடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. குட்டி குடிக்கவில்லை, தண்ணீரைக் காலால் அடித்து அடித்து விளையாடியது.

காய்ச்சலில் வந்த குதிரைகள் இவற்றைவிட உயரம், வெள்ளை நிறம். ஆனால் அவை தண்ணீர் குடிக்கவில்லை. இவை குடித்தன. நான் இருக்கிறன், நான் உயிரோடை இருக்கிறன் என்று சீதேவி வாய்விட்டுச் சொன்னாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் தோன்றவில்லை.

இதைச் சொல்லத்தான் வேண்டும், மறைத்துப் பயனில்லை: நேரம் போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மணிக்கூடு தேவையில்லை, மர நிழல் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். எழும்பவேணும் என்று நினைத்தாள். பக்கத்தில் ஓலைப்பை கிடந்தது, அதற்குள் சிவக்கொழுந்தின் பொட்டலம் கிடந்தது. குட்டி கரைக்கு ஏறட்டும், ஏறின உடனே அவரை எழுப்புவோம் என்று இருந்தாள். குட்டி ஏறியது, பிறகு இறங்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தெரிந்துகொண்டுதான் இருந்தாள்.

வைத்திலிங்கம் தானாக முழித்து மணிக்கூட்டைப் பார்த்தபோது இரண்டு மணிக்கு இன்னும் இருபது நிமிசம்தான். பாயில் தேள் கண்டவர் மாதிரித் துள்ளி எழும்பினார். அதற்குப் பிறகு அந்த ஒன்றரைக் கட்டையும் எப்படிப் போனது என்று இருவருக்கும் தெரியாது. சீதேவி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். மூச்சு முட்டினால் நடந்தாள், திரும்ப ஓடினாள். பின்னால் வைத்திலிங்கம், மெல்லப் போம், விழுந்துபோடுவீர் என்று சொல்லிச் சொல்லி வந்தார். வண்டில்காரர் நின்றார், நல்ல மனுசன், புறுபுறுத்துக்கொண்டு நின்றார். மாட்டை ஓட ஓட விரட்டினார். துறைக்கு வந்து சேர்ந்தபோது வள்ளம் கடலில் ஒரு சாண் அளவாகத் தெரிந்தது.

இனி நாளைக்குக் காலமைதான் வள்ளம். வைத்திலிங்கம் தலையில் கை வைத்தபடி நித்திரை கொண்டதற்குத் தன்னைத்தானே ஏசினார். சீதேவி அவரைத் தடுத்து, நீங்கள் நித்திரைதான் கொண்டனீங்கள், நான் முழிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான் என்றாள். பறுவத்துக்குள் சேரவேணும் என்று சொன்னவளின் முகம் அவள் முன்னால் நின்றது. ஒருதரம் வாயால் புண்படுத்தினாள். இப்போது அந்த மனுசி ரோசத்தை விட்டு வந்து கையில் தந்ததையும் குதிரைக்குட்டி பார்த்துக்கொண்டு தவறவிட்டாள்.

துறையின் ஒரு மூலையில் ஒருவர் எஞ்சின் வள்ளத்தில் குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது பார்த்தால் பஸ்ரியாம்பிள்ளை. நாரந்தனைக் கரையூர்ப் பஸ்ரியாம்பிள்ளை, மகள் ஜசிந்தாவை நெடுந்தீவில் கட்டிக் கொடுத்தவர், அவளைப் பார்க்க வந்து திரும்பிப் போக ஆயத்தப்படுகிறார். வைத்திலிங்கம் வீட்டுப் படலைக்கு மீன் கொண்டுவருகிறவர்தான். அவரோடு சீதேவி இதுவரை கதைத்ததெல்லாம் மீன் புதிசோ பழசோ என்பது மட்டும்.

வைத்திலிங்கம் எப்படிக் கேட்பது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்க, சீதேவி நேரே போனாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஊருக்குப் பொய் சொன்னது, பொட்டலம் எட்டும் வந்தது, குதிரை பார்த்துக்கொண்டு இருந்தது, எல்லாம் சொன்னாள். நயினாதீவில் இறக்கிவிட ஏலுமோ அண்ணை என்று கேட்டாள்.

பஸ்ரியாம்பிள்ளை சிரிக்கவில்லை. கயிற்றைக் கீழே வைத்தார்.

“நேர்த்தி எண்டால் நேர்த்திதான், தங்கச்சி. அந்தோனியாருக்குச் சொன்னதைப் பிந்திக் குடுத்துப்போட்டு நான் ஒரு வருசம் நித்திரையில்லாமல் இருந்தனான். ஏறுங்கோ.”

நீரோட்டம் எதிராக இருந்தது. வள்ளம் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தூக்கலுக்கும் உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. வைத்திலிங்கம் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கைக்குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக மணிக்கூட்டையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார். சீதேவி ஓலைப்பையைச் சீலைத் தலைப்பால் மூடிப் பிடித்தாள். அவளுக்குப் பயம் இருக்கவில்லை. ஒரு நாளில் இவ்வளவு பேர் எனக்காக ஓடித் திரிகிறார்களே என்று வெட்கமும் நன்றியும் சேர்ந்து வந்தது. நயினாதீவுத் துறையில் பஸ்ரியாம்பிள்ளை வள்ளத்தைக் கட்டினார். ஆறுதலாய்க் கும்பிட்டுவிட்டு வாங்கோ, வீட்டுக்கும் நானே கொண்டுபோய் விடுறன் என்றார். வைத்திலிங்கம் சட்டைப்பையில் கை வைக்க, அதை மட்டும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னேரப் பூசைக்கு மணி அடிக்கவும் அவர்கள் உள்ளே போகவும் சரியாக இருந்தது. சனம் நெரிந்தது. சீதேவி சேறு காய்ந்த காலைக் கிணற்றடியில் கழுவி, நனைந்த சீலையோடு ஐயருக்கு முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு பொட்டலமாய்க் கொடுத்தாள், இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று. ஏழும் போனது. எட்டாவதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

பெயர், நட்சத்திரம் என்று ஐயர் கேட்டார். மார்க்கண்டு என்றாள். நட்சத்திரம் தெரியவில்லை. உள்ளே எழுதி வைத்திருப்பார்கள் என்று ஐயர் மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

உள்ளே கண்மலர் இல்லை. விரல் நீளத்தில் வெள்ளியில் ஒரு பெண்ணுரு. இரண்டு கையையும் குவித்து நின்றது. அதைச் சுற்றிக் கொப்பித் தாளில் கிழித்த ஒரு துண்டு. ஐயர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உரக்க வாசித்தார்.

“சீதேவி. ரோகிணி. எழும்பி நடந்திட்டாள்.”

சீதேவிக்கு முதலில் விளங்கவில்லை. ஐயர் சுற்றிப் பார்த்து, ஆர் இந்தச் சீதேவி, அவவுக்குச் சுகமோ என்று கேட்டார்.

“நான்தான் ஐயா” என்றாள்.

ஐயர் எத்தனையோ நேர்த்தி கண்டவர். நேர்ந்துகொண்டது ஒருவர், கொண்டுவருவது இன்னொருவர், அது நாளாந்தம் நடப்பது. நேர்த்திக்கு உரிய ஆளே, தனக்கென்று தெரியாமல், தன் கையாலேயே கொண்டுவந்து நிற்பதை அவர் கண்டிருக்கமாட்டார். அந்த வெள்ளி உருவைத் தட்டில் நிறுத்தி, அம்மாளின் காலடியில் கொண்டுபோய் வைத்து, சீதேவியின் பெயரைச் சொல்லி அர்ச்சித்தார். சீதேவி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பார்க்க வரவில்லை என்று இவள் முறைப்பாடு வைத்திருந்த நாட்களில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இவளுக்காக அம்மாளோடு வழக்காடிக்கொண்டு இருந்திருக்கிறாள். மூன்று பிள்ளையைப் பறிகொடுத்தவள், பிள்ளையில்லை என்று குத்திக் காட்டியவளின் உயிரைக் கேட்டிருக்கிறாள். இவள் பிழைத்தபிறகும் படலைக்கு வெளியே நின்று, என்ரை நேர்த்தி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வைத்திலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, சனம் பார்க்கிறது என்ற யோசனையும் இல்லாமல் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் காலை அவர் சைக்கிளில் போனபிறகு, சீதேவி விபூதி பிரசாதத்தை எடுத்துக்கொண்டு தெருவால் சுற்றிச் சிவக்கொழுந்து வீட்டுக்குப் போனாள். மார்க்கண்டர் விறாந்தையில் கண் கட்டோடு சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஆர் அது என்று கேட்டார். சீதேவி என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். சிவக்கொழுந்து திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், திருவுவதை நிறுத்தவில்லை.

வழி நெடுகச் சீதேவி சொல்ல நினைத்து வந்தது ஆயிரம். காலில் விழவேணும் என்றுகூட நினைத்திருந்தாள். அங்கே நின்றபோது வந்தது பொய்தான் முதலில், அதாவது அந்தப் பொய்யைச் சொன்ன கதை.

“அக்கா, நான் நயினாதீவுக்கெண்டு பொய் சொன்னனான். நெடுந்தீவுக்குக் குதிரை பாக்கப் போனனாங்கள். வள்ளத்தையும் விட்டிட்டம். பேந்து பின்னேரம்தான் அம்மாளிட்டைப் போய்ச் சேந்தது. அக்கா, நான் அண்டைக்குச் சொன்ன அந்தச் சொல்லு...”

சிவக்கொழுந்து கையைக் காட்டி அந்த வசனத்தை முடிக்க விடவில்லை. அவளுக்கு வேறு ஒரு விசயம் தெரியவேண்டியிருந்தது.

“குதிரை நிக்கிற வெட்டைக்கு வண்டில் போகுமோ?”

“இல்லை அக்கா. நடக்கவேணும்.”

“நீ நடந்தனியோ? எவ்வளவு தூரம்?”

“போக ஒண்டரைக் கட்டை, வர ஒண்டரைக் கட்டை. வரேக்கை ஓடினனான்.”

திருவலை நின்றது. சிவக்கொழுந்து தேங்காய்ப்பூ ஒட்டின கையாலேயே கண்ணைத் துடைத்தாள். பிறகு குசினி வாசலால் தலையை நீட்டி, விறாந்தைப் பக்கம் பார்த்துப் புருசனுக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, கேட்டியளே? எங்கடை சீதேவி ஓடினவளாம்.”